இலையைப் பார்த்து மரம் சொல்வது

தாமிரபரணியோடு கடனாநதி கலக்கும் திருப்புடைமருதூரில், நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உட்சுவர்களை நாயக்கர் கால ஓவியங்கள் நிறைத்திருக்கின்றன. போர்க்காட்சியையும் குதிரைகளோடு வரும் கப்பலையும் பார்ப்பவர்கள், இடையில் நிற்கும் மரங்களை வெறும் இட்டுநிரப்பலாகக் கடந்துபோகிறார்கள். அந்த மரங்கள் அலங்காரம் அல்ல, படிப்பதற்காக எழுதப்பட்டவை என்பதே என் வாதம்.

நாயக்கர் காலச் சுவரோவியத்தில் மரம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சின் மேல் காவிச் சிவப்புப் பின்னணி. அதில் ஒல்லியான அடிமரம், வரம்பு கட்டியதுபோல் உருண்ட கரும்பச்சைத் தழை. அதன்மேல் இலைகள் ஒவ்வொன்றாக, கொத்துக் கொத்தாக. நிழல் கிடையாது, தொலைவு கிடையாது. இலையோ மரத்தின் அளவுக்குப் பொருந்தாமல் பெரிது. இந்தப் பொருந்தாமைதான் திறவுகோல். உண்மை அளவில் வரைந்தால் மாவிலையும் மருத இலையும் ஒரே பச்சைப் புள்ளியாகிவிடும். பெரிதாக்கினால் கூர்நுனியும் காம்பும் அடுக்கும் தெரியும். வாழையையும் தென்னையையும் சொல்லவே வேண்டாம். வெளிச்சம் குறைந்த கோபுர நிலைக்குள், சுவரை ஒட்டி நின்று பார்ப்பவருக்கு இந்தத் தெளிவு அவசியம். மரம் தெரிந்தால் இடமும் தெரியும்: இது காடு, இது தோப்பு, இது ஆற்றங்கரை. மரத்தை நிலத்தின் கருப்பொருளாக எண்ணிய தொல்காப்பிய மரபில் வளர்ந்த கண்ணுக்கு இது புதிதல்ல. ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்திலும் பல சமயம் மரமே எல்லைக்கல்லாக நிற்கிறது.

ஓவியர்களுக்குத் தொலைவுக்காட்சி தெரியாது, கையில் பழகிய ஒரே அச்சைத்தான் திருப்பித் திருப்பி எழுதினார்கள் என்று ஒரு மறுப்பு உண்டு. பாதி சரி. எல்லா மரத்துக்கும் இனம் சொல்ல முடியாது. சில பொதுவான 'மரம்' மட்டுமே. ஆனால் அச்சு ஒன்றே என்றால், ஒரே சுவரில் இலை வடிவம் மாறுவானேன்? தழையின் உருவம் பழக்கத்தால் வந்தது, இலை கவனித்ததால் வந்தது. கவனிக்க மரங்களும் அருகிலேயே இருந்தன. தலமரமே மருதம். மருதும் இலுப்பையும் நிற்கும் இந்தக் கோயில் சூழல்தான், கூடுகட்டும் நீர்ப்பறவைகளுக்காக 2005இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இலைக்கோடுகள் கடைசியாக, உலர்ந்த பரப்பின்மேல் இடப்பட்டவை. நீர் கசிந்தால் முதலில் உதிர்வதும் அவையே. அப்போது எஞ்சுவது பச்சைத் திட்டு மட்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான், மரம் எழுதத் தெரியாதவர்கள் என்று அந்த ஓவியர்களுக்குத் தீர்ப்பு எழுதுகிறோம்.