பறித்த கையிலேயே பணம்

லிந்துலைத் தோட்டங்களில் விடிந்ததும் பெரட்டுக் களத்தில் பெயர் பதிய வேண்டும். குறித்த எடை சேராவிட்டால் அரைப்பேர்தான். மழை, அட்டை, வழுக்கும் மலைச்சரிவு எல்லாவற்றையும் தாண்டிக் கூடை நிறைய வேண்டும். மாலையில் லயத்துக்குத் திரும்பினால் தண்ணீர், விறகு, அடுப்பு. தேயிலையின் முதுகெலும்பு பெண்களே என்று மேடைகளில் பேசுகிறோம். ஆயினும் 1984ஆம் ஆண்டு வரை அவர்களுடைய நாட்கூலி ஆண்களின் கூலியைவிடக் குறைவு. அந்த ஆண்டின் வேலைநிறுத்தத்திற்குப் பின்னரே சமகூலி கிடைத்தது.

கூலி சமமானது, கைக்கு வந்ததா? பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ போய் வாங்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. உழைப்பவள் ஒருத்தி, செலவைத் தீர்மானிப்பவன் வேறொருவன்.

அன்பானவர்களே, இது உங்களுக்குப் புதிய கதையல்ல. 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்களை நீங்கள் அறிவீர்கள். போரில் அந்தக் காணியையும் விட்டு ஓட நேர்ந்தது. அரச உத்தரவுப்பத்திரக் காணிகளுக்கான 1935ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் குறிக்கப்படாதபோது பிள்ளைகளில் ஆண்களுக்கே முதலிடம் தந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமே மகளையும் மகனுக்குச் சமமாக வைத்தது. இதை எத்தனை வீடுகளில் அறிந்திருக்கிறோம்?

பயிற்சி நடத்தும் எங்களைப் போன்றவர்களும் தவறியதுண்டு. தையல் பழக்கி, சான்றிதழ் கொடுத்து, படம் பிடித்து, அறிக்கை எழுதி அனுப்பிவிடுவோம். பிள்ளைகள் தைப்பதை யார் வாங்குவார்கள் என்று ஒரு தாய் கேட்டபோது பதில் இல்லாமல் நின்றேன். சந்தையைப் பார்த்த பிறகே ஊசியைக் கையில் கொடுக்க வேண்டும். பாடசாலைச் சீருடையோ, முட்டையோ, மரக்கறியோ, அந்த ஊரில் எது நாளாந்தம் விலைப்படுமோ அதுவே நல்ல தொழில்.

தொழிலுக்கு முதல் வேண்டுமே என்பீர்கள். போருக்குப் பின் நுண்கடன் கொடுப்பவர்கள் வாசல் வாசலாக வந்தார்கள். உயர்ந்த வட்டி, வாரத் தவணை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று.

வேறு வழியும் உண்டு. இந்தியாவின் அகமதாபாத்தில் இளா பட் அம்மையார் 1972இல் தொடங்கிய ‘சேவா’ சங்கத்தில் தெருவில் காய்கறி விற்றவர்களும் சுமை தூக்கியவர்களும் இருந்தார்கள். வங்கிகள் அவர்களை மதிக்கவில்லை. 1974இல் 4000 பெண்கள் ஆளுக்குப் 10 ரூபாய் போட்டுத் தமக்கென்று கூட்டுறவு வங்கி ஒன்றை உருவாக்கினார்கள். முதலில் சேமிப்பு, பிறகு கடன்; கடன் கொடுப்பதும் அவர்களே, கணக்குப் பார்ப்பதும் அவர்களே.

பத்து வீட்டுப் பெண்கள் கிழமைக்கொரு முறை கூடினால் இங்கும் தொடங்கலாம். எல்லார் முன்னிலையிலும் பணத்தை எண்ணுங்கள். கணக்குக் கொப்பியை வாசிக்கத் தெரிந்த ஒரு மகளிடம் ஒப்படையுங்கள். மற்றவர்களுக்கும் அவள் வாசிக்கக் கற்றுக் கொடுக்கட்டும். தாயின் பெயரில் வங்கிப் புத்தகம் இருக்கட்டும். காணிப் பத்திரத்தை எடுத்து, யார் பெயர் இருக்கிறது என்று இன்றிரவே பாருங்கள்.

தகப்பன்மாரே, இதில் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை. அவள் கையில் தங்கும் பணம் உங்கள் பிள்ளையின் தட்டுக்கே வந்து சேரும்.