பெல்லட் அடுப்பு புகைகிறதா? காற்று வரும் வழியைப் பாருங்கள்



சென்ற ரமளானுக்கு முன் நம் அறக்கட்டளை மூலம் வழங்கிய பெல்லட் அடுப்புகளில் சில, ஒரு மாதத்திலேயே வீட்டு மூலைக்குப் போய்விட்டன. "ஒரே புகை, கண் எரியுது, சட்டியெல்லாம் கரி, பழைய விறகடுப்பே தேவலை" என்று பெண்கள் சொன்னார்கள். வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். உண்மையிலேயே பழுதான அடுப்பு ஒன்றே ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் காற்று போகும் வழிதான் அடைபட்டிருந்தது. அடுப்பைக் கொடுத்த நாங்கள் அதைப் பராமரிக்கும் விதத்தைச் சொல்லித் தரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறோம்.

இந்த அடுப்பு நம் நாட்டுக்குப் புதிதல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வடிவமைப்பில் உருவான 'ஊர்ஜா' அடுப்பு தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் ஏராளமான வீடுகளுக்குப் போனது. பெல்லட் விலை ஏறியதும் பல வீடுகளில் அது ஓய்ந்தது. கடலைத்தோல், மரத்தூள், கரும்புச் சக்கை போன்றவற்றை அழுத்தி, விரல் பருமனில் துண்டு துண்டாகச் செய்வதே பெல்லட்.

இதில் காற்று இரண்டு வழியாக வருகிறது. அடியிலுள்ள சல்லடைத் தட்டு வழியாக வரும் காற்று பெல்லட்டைக் கனலவைத்து வாயுவாக மாற்றுகிறது. மேல் விளிம்பைச் சுற்றியுள்ள துளைகளில் வரும் காற்று அந்த வாயுவை எரிக்கிறது. நாம் பார்க்கும் தீ இந்த இரண்டாவது காற்றால் வருவது. மேல் காற்று குறைந்தால் வாயு எரியாமல் புகையாக வெளியேறும். ஆகவே புகை வந்தால் முதலில் மேல் துளைகளைப் பாருங்கள்.

பொங்கி வழிந்த கஞ்சி அங்கே காய்ந்து ஒட்டியிருக்கும். அடுப்பு நன்றாக ஆறியபின் துடைப்பக் குச்சியால் ஒவ்வொரு துளையாகக் குத்திவிடுங்கள். தீ ஒரு பக்கம் மட்டும் எரிந்தால், எரியாத பக்கத்துத் துளைகளோ அதன் கீழுள்ள சல்லடையோ அடைந்திருக்கிறது. கடலைத்தோல் பெல்லட்டில் மரத்தூளைவிடச் சாம்பல் அதிகம். அந்தச் சாம்பல் சூட்டில் உருகிக் கட்டிதட்டிச் சல்லடையில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் தட்டிக் கொட்டினால் வராது. ஒரு வாரம் விட்டுவிட்டால் கம்பியால் பெயர்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது ஃபேன். சத்தம் கேட்கிறது என்பதால் காற்று வருகிறது என்று எண்ண வேண்டாம். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, ஃபேன் காற்றை இழுக்கும் இடத்தருகே பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் சரி. அங்கேயே சுற்றினால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது இறக்கையில் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருக்கும். ஒரு வீட்டில் தரை ஈரம் படாமலிருக்க அடுப்புக்கு அடியில் சாக்கு விரித்திருந்தார்கள். அந்த மாதிரியில் காற்று நுழையும் வாயே அடியில்தான் இருக்கிறது!

பெல்லட்டை மேல் துளைகளுக்கு ஒரு விரல் கீழேயே நிறுத்துங்கள். துளை மூடும்படி நிரப்பினால் கட்டாயம் புகையும். மேலே தேங்காய் நார், சுள்ளி வைத்துப் பற்றவையுங்கள். இது மேலிருந்து கீழாக எரியும் அடுப்பு. தீ நன்றாகப் பிடிக்கும்வரை ஃபேன் குறைந்த அளவில் இருக்கட்டும். தொடக்கத்திலேயே முழு வேகம் வைத்தால் இளந்தீ அணைந்து புகைதான் மிஞ்சும். நடுவில் கைநிறைய அள்ளிப் போட்டாலும் அப்படித்தான். பெரிய சட்டியை விளிம்போடு அழுந்தும்படி வைக்காதீர்கள். மூன்று முனைத் தாங்கி அதற்காகத்தான் கொடுத்திருக்கிறது. பிரியாணி தேக்சா வைக்க இடைஞ்சல் என்று சிலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள்.

பெல்லட் காய்ந்திருந்தால் ஒடிக்கும்போது 'படக்' என்று ஒடியும். ஈரம் ஏறியது கையிலேயே உதிரும். மழைக்காலத்தில் மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். அடியில் தங்கும் தூளை அடுப்பில் கொட்டினால் அது சல்லடையை அடைத்துவிடும்.

இதுவரை சொன்னது புகையைப் பற்றி. புகையே இல்லாதபோது வரும் ஆபத்துதான் இதைவிடப் பெரிது.

பெல்லட் எரிந்து முடிந்ததும் தீ தாழ்ந்து, அடியில் சிவந்த கரி மட்டும் மிஞ்சும். அப்போது புகையும் இருக்காது, வாடையும் இருக்காது. ஆனால் ஃபேனையும் நிறுத்திவிட்டால், போதிய காற்றில்லாமல் கனலும் அந்தக் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். அது இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, குமட்டல், மயக்கம். தூக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாமலே உயிர் போகலாம்.

மழை இரவில் ஸஹருக்குச் சமைத்துவிட்டு, பிள்ளைகளுக்குக் குளிரும் என்று சன்னலை மூடி, கனலும் அடுப்பை அறையிலேயே விட்டுவைக்கும் பழக்கத்தைச் சில வீடுகளில் கண்டோம். ஒரு வீட்டில் உம்மாவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றாகத் தலைவலி வந்திருக்கிறது. நோன்பின் களைப்பு என்று நினைத்திருக்கிறார்கள். நோன்பு வைக்காத சின்னப் பிள்ளைக்கும் ஏன் வலித்தது என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. அல்ஹம்துலில்லாஹ், அன்று கதவு முழுவதும் சாத்தியிருக்கவில்லை.

உறங்கும்போது வீட்டில் நெருப்பை எரியவிடக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் பதிவாகியுள்ளது. கனலும் கரியும் நெருப்புதான்.

சமையல் முடிந்ததும் அடுப்பை இடுக்கியாலோ கனத்த துணியாலோ பிடித்து, பிள்ளைகள் கை படாத வெளியிடத்தில் வையுங்கள். தூக்க முடியாத அடுப்பானால், கரி முழுதும் ஆறும்வரை கதவும் சன்னலும் திறந்திருக்கட்டும். சமைக்கும்போதும் ஒரு சன்னலாவது திறந்திருக்க வேண்டும். ஆனால் காற்று நேராக அடுப்பின் மேல் அடிக்கும் இடம் வேண்டாம், தீ சாய்ந்து புகையும். புகைபோக்கி உள்ள வீடுகளில், எல்லாக் கதவையும் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் புகைபோக்கியின் புகை திரும்ப உள்ளே இறங்கும்.

ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியோ மயக்கமோ வந்தால், அடுப்பைத் தேடிப் போகாமல் முதலில் எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். பிறகு 108-க்கு அழையுங்கள்.

ஃபேன் அல்லது பேட்டரி மாற்ற வேண்டிய அடுப்புகளை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் நம் அலுவலகத்தில் கொடுக்கலாம். இன்ஷா அல்லாஹ், பார்த்துச் சரிசெய்து தருகிறோம். சாம்பலைக் கொட்டிவிட்டுக் கொண்டுவாருங்கள்.