செத்த பிறகு வெளியிடச் சொன்ன ஒலிநாடாக்கள்

உயிரோடு இருக்கும்வரை வெளியே வராது என்று உறுதி கொடுத்துப் பதிவு செய்த பேட்டி போலீஸ் கைக்குப் போனால் என்ன ஆகும்? வடக்கு அயர்லாந்தில் அதுதான் நடந்தது.

அங்கே முப்பது ஆண்டு ஆயுத மோதல் 1998 புனித வெள்ளி உடன்பாட்டோடு ஓய்ந்தபோது, ஏராளமான கொலை வழக்குகள் துப்புத் துலங்காமலே கிடந்தன. உள்ளேயிருந்து பார்த்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அவர்கள் போவதற்குள் பேச வைத்துவிடலாம் என்று 2001-ல் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி ஒரு வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. இயக்குநர், பத்திரிகையாளர் எட் மொலோனி. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐரிஷ் குடியரசுப் படையின் (ஐஆர்ஏ) ஆட்களைப் பேட்டி கண்டவர் ஆன்டனி மெக்கின்டயர். அவரே முன்னாள் ஐஆர்ஏ உறுப்பினர். கொலைக் குற்றத்துக்காகச் சிறையிலிருந்து, பிறகு முனைவர் பட்டம் பெற்றவர். வெளியாளிடம் வாய் திறக்காதவர்கள் அவரிடம் மனம்விட்டுப் பேசினார்கள்.

சிக்கல் ஒப்பந்தத் தாளில் இருந்தது. கல்லூரி மொலோனியோடு போட்ட ஒப்பந்தத்தில், அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கே ரகசியம் காக்கப்படும் என்று இருந்தது. பேட்டி கொடுத்தவர்கள் கையெழுத்திட்ட தாளில் அந்த வரி இல்லை. தலைபோகிற விஷயத்தைச் சொல்ல வந்தவரிடம் காட்டவேண்டிய வரியே அதுதான்.

2010-ல், அதற்குள் இறந்துபோன இருவரின் பேட்டிகளை வைத்து மொலோனி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் முன்னாள் ஐஆர்ஏ தளபதி பிரெண்டன் ஹியூஸ், ஜீன் மெக்கான்வில் என்ற பெண்ணின் கொலையைப் பற்றிப் பேசியிருந்தார். கணவரை இழந்த மெக்கான்வில் 10 பிள்ளைகளின் தாய். 1972 டிசம்பரில் பெல்ஃபாஸ்ட் வீட்டிலிருந்து அவரை ஐஆர்ஏ இழுத்துச் சென்றது. உடல் கிடைத்ததோ 2003-ல், லூத் மாவட்டக் கடற்கரையில். உத்தரவு கொடுத்தவர், பின்னாளில் ஷின் ஃபேன் கட்சித் தலைவரான ஜெர்ரி ஆடம்ஸ் என்றார் ஹியூஸ். ஆடம்ஸ் இதை இன்றுவரை மறுக்கிறார்.

போலீஸ் சும்மா இருக்குமா? பிரிட்டனும் அமெரிக்காவும் குற்ற விசாரணைகளில் ஒத்துழைக்கப் போட்டிருக்கும் ஒப்பந்தத்தின்படி, 2011-ல் கல்லூரிக்குச் சம்மன் போனது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை சென்றது. ஒப்படைக்க வேண்டிய 85 பேட்டிகளை அந்த நீதிமன்றம் 2013-ல் 11 ஆகக் குறைத்தது. அடுத்த ஆண்டு ஆடம்ஸ் கைதாகி, நான்கு நாள் விசாரணைக்குப் பிறகு விடுவிக்கப்பட்டார். அவர்மீது வழக்கு தொடரப்படவில்லை.

மெக்கான்வில் கொலை தொடர்பான வழக்கில் சிக்கியவர் முன்னாள் ஐஆர்ஏ-காரர் ஐவர் பெல். ‘இசட்’ என்ற குறியீட்டுப் பெயரில் பேசியவர் அவரே என்றது அரசுத் தரப்பு. 2019-ல் பெல்ஃபாஸ்ட் நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது அவருக்கு மறதி நோய் முற்றியிருந்தது. நீதிபதி ஓ'ஹாரா நாடாக்களைச் சாட்சியமாக ஏற்கவில்லை. பேட்டி எடுத்தவருக்கு ஆடம்ஸ்மீதும் சமாதான முயற்சிமீதும் வெறுப்பு இருந்தது, கேள்விகளே பதிலை இழுத்துச் சென்றன என்றார். ரகசியம் என்ற பொய்யான உறுதி பேசுபவருக்குப் பொய் சொல்லவும், மிகைப்படுத்தவும், பழியை அடுத்தவர்மேல் போடவும் இடம் கொடுத்துவிடுகிறது என்பது அவர் சொன்ன இன்னொரு காரணம். பெல் விடுவிக்கப்பட்டார். மெக்கான்வில் கொலைக்கு யாரும் இதுவரை தண்டனை பெறவில்லை.

தீர்ப்பு வரலாற்று ஆய்வாளர்களுக்குக் கசக்கலாம். ஆனால் சரியான தீர்ப்பு என்றே எனக்குப் படுகிறது. போலீஸ் விசாரணை எச்சரிக்கையில் தொடங்குகிறது: பேசாமலிருக்க உரிமை உண்டு, பேசினால் சாட்சியமாகலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம். இங்கே தொடங்கியதே ‘பயப்படாதீர்கள்’ என்று. அப்படிக் கிடைக்கும் பேச்சை மற்ற ஆவணங்களோடு ஒப்பிட்டு, எது வீம்பு, எது வன்மம், எது மறதி என்று பிரித்தெடுக்க ஆய்வாளருக்கு அவகாசம் உண்டு. ஆளைச் சிறைக்கு அனுப்பும் இடத்தில் அந்த அவகாசம் கிடையாது.

விரும்புகிறவர்கள் நாடாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று 2014-ல் கல்லூரி அறிவித்தது. மோதல் காலத்து விவகாரங்களைக் கையாள அதே ஆண்டு டிசம்பரில் எட்டப்பட்ட ஸ்டார்மான்ட் ஹவுஸ் உடன்பாடு, வரலாற்றைப் பதிவதையும் உண்மையைத் தேடுவதையும் பிரித்தது: அனுபவங்களைப் பதிய ஒரு வாய்மொழி வரலாற்றுக் காப்பகம், இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தகவல் திரட்டித் தரத் தனி ஆணையம். ஆணையத்திடம் சொல்வது நீதிமன்றத்தில் சாட்சியமாகாது என்பதையும் இந்த முறை மறக்காமல் எழுதிவைத்தார்கள்.