ஆபரேசனா? ஊசியா? 100 கிலோவை தாண்டியவர்கள் தவிப்பு!

பல்லடம்,-

"ஏனுங்க டாக்டர், ஆபரேசன் பண்ணிக்கலாமுங்களா? இல்லே, ஊசி போட்டாலே இளைச்சிடுமுங்களா?"

கடையில் உட்கார்ந்தே வியாபாரம் பார்ப்பவர், பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுபவர் என்று 100 கிலோவை தாண்டியவர்களை ஆட்டிப்படைக்கும் கேள்வி இது. பல்லடத்தில் கோவை பஸ் ஏறினால் இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. எது நல்லது என்பதில்தான் குழப்பம்!

வாலிபர் சாவு

பயத்துக்கும் காரணம் உண்டு. 2024 ஏப்ரலில், எடை குறைப்பு ஆபரேசனுக்காக சென்னை புறநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதுச்சேரி வாலிபர் பரிதாபமாக இறந்தார். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது.

ஆனால் இந்த ஆபரேசனில் உயிர் போவது உலக அளவில் ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான். குண்டு உடம்பை அப்படியே விட்டாலும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு என்று ஆபத்து காத்திருக்கிறது.

யாருக்கு ஆபரேசன்?

5 அடி 5 அங்குல உயரம் உள்ளவர் 102 கிலோவை தாண்டினால் ஆபரேசன் பற்றி யோசிக்கலாம். சர்க்கரை நோயும் இருந்தால் 88 கிலோவிலேயே யோசிக்கலாம். இந்திய டாக்டர்கள் பல காலமாக வைத்திருந்த கணக்கு இது. 2022-ல் சர்வதேச டாக்டர் சங்கங்கள் ஆசியர்களுக்கு இந்த எல்லையை இன்னும் குறைத்தன.

இரைப்பையை சுருக்கும் ஆபரேசனில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்து விடுவார்கள். மறுபடி ஒட்ட முடியாது! எடையில் கால் பங்கு வரை குறையும். பலருக்கு சர்க்கரையும் கட்டுப்படும். ஆயுள் முழுக்க வைட்டமின் மாத்திரை சாப்பிட வேண்டும்.

ஊசி எப்படி?

வாரம் ஒரு ஊசி. பசி அடங்கும். செமாகுளுடைடு ஊசியை 68 வாரம் போட்டவர்களுக்கு சராசரியாக 100-க்கு 15 பங்கு எடை குறைந்தது. 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த டிர்செபடைடு ஊசியில், அதிக அளவு மருந்துக்கு சுமார் 20 பங்கு குறைந்தது.

கத்தி இல்லை. ஆனால் குமட்டல், வாந்தி வரலாம். செமாகுளுடைடை நிறுத்தியவர்களுக்கு குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பி விட்டது!

கேளுங்கள்!

ஆபரேசனுக்கு முன்பு இதயம், நுரையீரல், தூக்கத்தில் மூச்சடைப்பு எல்லாம் பார்த்தார்களா? தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே இருக்கிறதா? ஊசி என்றால், எத்தனை வருஷம் போட வேண்டும்? மாதம் என்ன செலவு? கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

அறுப்பதும் குத்துவதும் டாக்டர் வேலை. இலையில் அளவாக சாப்பிடுவது நம்ம வேலைதானுங்க!