28 மில்லிமீற்றர் சிப்பாய்க்கு வர்ணக் கூலி

வளர்ந்த மனிதர்கள் பொம்மைச் சிப்பாய்களை மேசையில் அடுக்கி யுத்தம் செய்கிறார்கள் என்றால் எமது கடைத்தெருவில் சிரிப்பார்கள். பிரித்தானியாவிலோ அது நல்ல வியாபாரம். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இலேயே இவ்விளையாட்டுக்கு விதிகள் எழுதி நூலாக்கினார். நொட்டிங்ஹாம் நகரில் பெரி மினியேச்சர்ஸ், வோர்லோர்ட் கேம்ஸ் போன்ற கம்பனிகள் 28 மில்லிமீற்றர் அளவில் சரித்திரச் சிப்பாய்களைத் தயாரித்து உலகெங்கும் விற்கின்றன.

பெட்டியில் வருவதோ வர்ணமில்லாத சிப்பாய்கள். ஒரு படைக்கு நூற்றுக்கணக்கில் தேவை. காசு இருப்பவருக்குத் தீட்ட நேரமில்லை. இங்கேதான் கூலிக்கு வர்ணம் தீட்டும் தொழில் பிறந்தது. இலங்கையிலும் வெளிநாட்டு ஓடர்களுக்கு இவ்வேலையைச் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

மூலதனம் தூரிகையும் அக்ரிலிக் வர்ணமும்தான், விற்பது பொறுமையை. ஆனால் வாடிக்கையாளர் லேசுப்பட்டவரல்லர். 1815 வோட்டர்லூ யுத்தத்தின் பிரித்தானியக் காலாட்படைக்குச் சிவப்புச் சட்டைதானே என்று எல்லாரையும் ஒரேமாதிரி பூசி அனுப்பினால் பார்சல் திரும்பி வரும். கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு வேறு. 33ஆம் பிரிவுக்குச் சிவப்பு, 44க்கு மஞ்சள், 73க்குக் கடும் பச்சை. (அந்த 73இன் முதலாம் பட்டாளம் அவ்வருடம் இலங்கையில் இருந்தது, வோட்டர்லூவில் நின்றது இரண்டாம் பட்டாளம்.)

கூலி தலைக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படும். விளையாட்டு மேசையில் தள்ளி நின்று பார்க்கும் படைக்கு அடிவர்ணமும் நிழல் காட்டும் மெல்லிய பூச்சும் போதும். கண்ணாடி அலுமாரியில் வைப்பதற்கென்றால் கண்விழியும் தீட்ட வேண்டும். ஒருவனுக்கே மணித்தியாலங்கள் போகும். இரண்டுக்கும் ஒரே விலை சொன்னவர் மாட்டிக்கொள்வார். எனவே முதலில் ஒரு சிப்பாயைத் தீட்டிப் படம் அனுப்பி, சம்மதம் வந்த பிறகே மற்றவற்றில் தூரிகை வைக்க வேண்டும்.