பாதாள எண்ணெயும் எக்ஸெல் கணக்கும்

எக்ஸெல் என்றதும் மளிகைக் கணக்கு, மார்க் லிஸ்ட், சம்பளப் பட்டியல் ஆகியவைதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். பூமிக்குள் ஓரிரு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கும் கச்சா எண்ணெய் எவ்வளவு கெட்டியானது என்பதையும் அதே எக்ஸெல்லில் கண்டுபிடிக்கலாம். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எட்டே செல்கள்தான் தேவைப்பட்டன. லிப்ரே ஆபிஸ் கால்க் வைத்திருப்பவர்களும் இதைச் செய்யலாம்.

எதற்கு இந்தக் கணக்கு?

தண்ணீர் சட்டென்று ஓடும். தேன் மெதுவாக இறங்கும். இப்படி ஓட மறுக்கும் குணத்தைப் பாகுநிலை என்கிறோம். இதன் அலகு சென்டிபாய்ஸ். 20 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் பாகுநிலை ஏறத்தாழ 1 சென்டிபாய்ஸ்.

கச்சா எண்ணெய் பாதாளத்தில் குளம் போல் தேங்கி நிற்பதில்லை. பாறையின் நுண்துளைகளுக்குள் புகுந்து கிடக்கிறது. பாறையும் அழுத்தமும் மாறாமல் பாகுநிலை மட்டும் இரு மடங்கானால், கிணற்றுக்கு வரும் எண்ணெய் பாதியாகிவிடும். எத்தனை கிணறு தோண்டுவது, எவ்வளவு பணம் போடுவது என்ற முடிவெல்லாம் இந்த ஓர் எண்ணை நம்பி எடுக்கப்படுகிறது.

மேலே ஒன்று, கீழே ஒன்று

வாளியில் பிடித்த எண்ணெயை அளந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கீழே சூடு அதிகம்; சூட்டில் எண்ணெய் இளகும். அழுத்தமும் அதிகம் என்பதால், சோடாவில் வாயு கரைந்திருப்பது போல எண்ணெயிலும் இயற்கை வாயு கரைந்திருக்கும். அதனால் எண்ணெய் மேலும் நீர்த்துப் போகும்.

எண்ணெயை எடுக்க எடுக்க அழுத்தம் குறையும். ஒரு கட்டத்தில், மூடி திறந்த சோடா போல, வாயு குமிழியாகப் பிரியத் தொடங்கும். இதைக் குமிழிப் புள்ளி என்கிறார்கள். அதுவரை சிறிது சிறிதாக இளகி வந்த எண்ணெய், அதன் பிறகு கெட்டியாகத் தொடங்கும்.

ஆகவே, கிணற்றின் அடியிலேயே மாதிரி எடுத்து, அழுத்தம் விடாமல் மூடி ஆய்வகத்துக்குக் கொண்டு வருகிறார்கள். பாதாளச் சூட்டையும் அழுத்தத்தையும் அங்கே மறுபடி உண்டாக்குகிறார்கள். எண்ணெய் நிரம்பிய சாய்ந்த குழாயில் ஓர் இரும்புக் குண்டை உருள விட்டு, அது கீழே வர எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது ஒரு முறை. நேரம் கூடினால் பாகுநிலையும் கூடுதல்.

இனி எக்ஸெல்

மாதிரி கைக்கு வருவதற்கு முன் உதவுவது சூத்திரம். பெக்ஸ், ராபின்சன் ஆகிய இருவரும் 600 எண்ணெய்களில் எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட அளவீடுகளைக் கொண்டு 1975-இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். அதைத்தான் நான் பயன்படுத்தினேன். செல் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள்.

பி1: 30 (எண்ணெயின் ஏபிஐ டிகிரி, இது கூடினால் எண்ணெய் லேசானது)
பி2: 180 (வெப்பம், ஃபாரன்ஹீட்டில்)
பி3: 500 (ஒரு பீப்பாயில் கரைந்துள்ள வாயு, கன அடியில்)
பி4: =10^(3.0324-0.02023*பி1)*பி2^(-1.163)
பி5: =10^பி4-1
பி6: =10.715*(பி3+100)^(-0.515)
பி7: =5.44*(பி3+150)^(-0.338)
பி8: =பி6*பி5^பி7

பி5-இல் சுமார் 3.3 வரும். இது வாயு நீங்கிய எண்ணெயின் பாகுநிலை. பி8-இல் சுமார் 0.82 வரும். இது வாயு கரைந்த எண்ணெயின் பாகுநிலை. கரைந்த வாயு மட்டுமே பாகுநிலையை நான்கில் ஒரு பங்காக்கிவிட்டது! இப்போது பி2-இல் 100 என்று மாற்றி என்டர் தட்டுங்கள். பி5 ஏறத்தாழ 17 ஆகிவிடும்.

சரியாக டைப் செய்தோமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பி3-இல் 0 கொடுங்கள். வாயுவே இல்லை என்றால் பி5-உம் பி8-உம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ அடைப்புக்குறி விட்டுப் போயிருக்கிறது.

எக்ஸெல் எச்சரிக்காது

இனி பி1-இல் 8, பி2-இல் 130 கொடுத்துப் பாருங்கள். வெனிசுவேலாவின் ஒரினோகோ பகுதியில் இப்படிப்பட்ட கனமான எண்ணெய் கிடைக்கிறது. பி5-இல் சுமார் 380 வரும். ஆனால் அந்த எண்ணெயின் பாகுநிலை, வாயு கரைந்திருக்கும்போதே ஆயிரக்கணக்கில் இருக்கும். இந்தச் சூத்திரம் ஏபிஐ 16-க்கும் 58-க்கும் இடைப்பட்ட எண்ணெய்களைக் கொண்டு உருவானது. அந்த எல்லைக்கு வெளியே போனால் எக்ஸெல் எந்தப் பிழைச் செய்தியும் தராது. தப்பான எண்ணையும் அழகாகத் தசமப் புள்ளியோடு காட்டும்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் மங்களா வயல் 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 2009-இல் உற்பத்தி தொடங்கியது. அங்கு கிடைப்பது மெழுகு நிறைந்த எண்ணெய். பாதாளத்தில் சுமார் 65 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓடும். 40 டிகிரி அளவுக்கு இறங்கினால் உறையத் தொடங்கும். அதனால் குஜராத் கடற்கரை வரை 600 கி.மீ.-க்கும் அதிக நீளமுள்ள குழாயைச் சூடாகவே வைக்கிறார்கள். கீழேயும் சிக்கல்தான். எண்ணெயைத் தள்ளுவதற்குச் செலுத்தும் தண்ணீர் அதைவிட மிக நீர்த்தது என்பதால், எண்ணெயை விட்டுவிட்டுத் தான் மட்டும் முந்திக்கொண்டு ஓடும். எனவே பாலிமர் கலந்து தண்ணீரைக் கெட்டியாக்கி அனுப்புகிறார்கள். நம் எட்டு செல்களில் மெழுகுக்கு ஒரு செல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அதை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வட்டிக் கணக்கானாலும் எண்ணெய்க் கணக்கானாலும், ஃபார்முலா எழுதும்போது அது எந்த எல்லைக்குள் செல்லும் என்பதையும் பக்கத்துச் செல்லில் குறித்து வையுங்கள். நான் என் பைலில் பி1-க்கு அருகே "16 முதல் 58 வரை" என்று எழுதி, மஞ்சள் நிறம் கொடுத்துச் சேமித்திருக்கிறேன்.