உருமாறும் பொம்மையின் வயது



சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலைப்பொழுது, நோட்டன் பிரிட்ஜில் என் வீட்டிற்கு ஓர் இளைஞர் வந்தார். ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர். இப்பொழுது அட்டனில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். நனைந்த பையினுள்ளிருந்து, துணியிலே சுற்றிய ஒரு பொருளை எடுத்து மேசைமீது வைத்தார். அஃது ஒரு சிவப்பு நிறப் பொம்மைக் கார். அதனை மடக்கி, நீட்டி, இடுப்பைத் திருப்பி, இரண்டு நிமிடத்தில் ஒரு பொறிமனிதனாக நிறுத்திவிட்டார். பிறகு அதன் முதுகைக் காட்டி, “சேர், 1980 என்று அடித்திருக்கிறது பாருங்கள். பழைய யப்பான் சாமான். இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினேன்” என்றார்.

அந்த எண்ணைப் பற்றியே இன்று உங்களுடன் பேச எண்ணுகின்றேன். பழைய யப்பானியப் பொம்மைகளைச் சேர்ப்போர் இன்று உலகெங்கும் உளர். யொக்கொஹாமா நகரிலே கித்தஹாரா தெருஹிசா என்பவர் தாம் திரட்டிய தகரப் பொம்மைகளுக்காக 1986ஆம் ஆண்டில் ஒரு காட்சிச்சாலையையே திறந்தார். அத்தகையோருக்குப் பணமும் உண்டு, கேட்டறிய ஆளும் உண்டு. மலைநாட்டு இளைஞர் ஒருவருக்கோ, கையிலிருக்கும் பொம்மையையன்றி வேறு சாட்சி கிடையாது. ஆகவே அச்சாட்சியை விசாரிக்கும் முறையை அறிந்திருத்தல் வேண்டும்.

யப்பான் போரில் தோற்றுக் கிடந்த 1945ஆம் ஆண்டின் இறுதியில், ஓட்சு என்னும் ஊரில் கொசுகே மத்சுசோ என்ற தொழிலாளர், அமெரிக்கப் படையினர் எறிந்த தகரக் குவளைகளை வெட்டித் தட்டி ஒரு சிறு ஜீப் வண்டி செய்தார். கியோத்தோ நகரில் பத்து யென் விலைக்கு அது விற்பனையாயிற்று. அங்கிருந்து மீண்டும் வளர்ந்தது யப்பானின் தகரப் பொம்மைத் தொழில். சாவி முறுக்கினால் நடப்பன, பற்றரி போட்டால் கண் சிமிட்டுவன எனப் பொறிமனிதர்கள் பலர் அத்தொழிலில் பிறந்தனர். ஆனால் அவர்கள் நடந்தார்களே தவிர, வேறொன்றாக மாறவில்லை.

மாற்றம் வந்தது தொலைக்காட்சியினால். 1974ஆம் ஆண்டில் பொப்பி என்ற நிறுவனம், மசிங்கர் என்னும் சித்திரக் கதை நாயகனைத் துத்தநாகக் கலப்புலோகத்தில் வார்த்து விற்றது. கையில் எடுத்தால் கனக்கும் பொம்மை அது. 1976இல் அதே நிறுவனம், ஐந்து வாகனங்கள் ஒன்றாய்ப் பூட்டிக்கொண்டு ஒரே பொறிமனிதனாகும் பொம்மையை உண்மையாகவே செய்து காட்டியது. அதுவரை திரையில் மட்டும் நடந்துவந்த மாயம் குழந்தையின் கையிலும் நடக்கலாயிற்று.

அடுத்து வந்தது தக்காரா நிறுவனம். அதன் கதை சுவையானது. 1980இல் டயாகுளோன் என்ற வரிசையை அது தொடங்கிற்று. அதில் முக்கியமானவர் பொறிமனிதர் அல்லர். ஏறக்குறைய மூன்று சென்றிமீற்றர் உயரமுள்ள, பாதத்தில் காந்தம் பதித்த குட்டிச் சாரதியே முக்கியம். வாகனங்களெல்லாம் அவர் ஏறிச் செல்வதற்காக அமைந்தவை. 1982 முதல் இவ்வரிசையில், வீதியில் ஓடும் கார்களைப் போன்றே தோன்றிப் பொறிமனிதராக மாறும் பொம்மைகள் வந்தன. 1983இல் அந்நிறுவனமே வேறொரு வரிசையில், வீட்டுப் பொருள்களை அவற்றின் அளவிலேயே செய்து அவற்றையும் உருமாற வைத்தது. ஒலிநாடாப் பேழை எழுந்து நின்று பறவையாயிற்று, கைத்துப்பாக்கி மனிதனாயிற்று.

1983ஆம் ஆண்டில் தோக்கியோப் பொம்மைக் கண்காட்சிக்குச் சென்ற அமெரிக்க ஹஸ்ப்ரோ நிறுவனத்தார் இவற்றைக் கண்டனர். இரு வரிசைகளையும் ஒன்றாகக் கலந்து, பெயரும் பகையும் கூட்டி, 1984இல் டிரான்ஸ்ஃபோர்மர்ஸ் என்று வெளியிட்டனர். குட்டிச் சாரதியை மட்டும் விட்டுவிட்டனர். ஆனால் அச்சு பழைய அச்சே அல்லவா? ஆகையால் அப்பொம்மைகள் பலவற்றின் கதவைத் திறந்தால், ஒருவரும் வந்து அமராத ஆசனம் ஒன்று இன்றும் உள்ளே காத்துக் கிடக்கின்றது. எனக்கு இப்பொம்மைகளில் மிகப் பிடித்த உறுப்பு அந்த வெற்று ஆசனந்தான்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். பொம்மையின் முதுகிலோ காலிலோ பொறித்துள்ள ஆண்டு, அது தொழிற்சாலையை விட்டு வெளிவந்த ஆண்டு அன்று. வடிவத்தின் உரிமை பதிவான ஆண்டு. ஒரு வரிசை தொடங்கிய ஆண்டையும் அச்சு செய்த ஆண்டையும் சேர்த்தே பொறிப்பதும் உண்டு. ஆதலால் 1985இல் கடைக்கு வந்த பொம்மையிலும் 1974 என்றோ 1980 என்றோ காணலாம். எண்ணை மட்டும் நம்பி வயது கூறுவது, பாட்டன் பிறந்த ஆண்டைக் கொண்டு பேரனுக்கு வயது கணிப்பதை ஒக்கும். அது மட்டுமன்று. பழம்பொம்மைகளுக்கு விலை ஏறியபின், பழைய வடிவங்களை உரிமையாளரே மீண்டும் வார்த்து விற்றனர். உரிமையில்லாதோரும் அவற்றைப் படியெடுத்தனர். படியெடுத்தவர் பொம்மையோடு எண்ணையும் படியெடுத்துவிட்டனர்!

‘யப்பான்’ என்ற சொல்லும் அவ்வாறே. மக்காவு என்றோ தைவான் என்றோ பொறித்திருந்தால் போலி எனச் சிலர் தள்ளிவிடுகின்றனர். அது தவறு. அசலான பொம்மைகள் பல அவ்விடங்களிலேயே செய்யப்பட்டன. நமக்கு அண்மையில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் நிறுவனமும் உரிமை பெற்று இப்பொம்மைகளை இந்தியாவில் செய்து விற்றது. அவற்றைத் தேடுவோரும் இன்று உண்டு.

அப்படியாயின் எதை நம்புவது? 1985இல் வந்த பொம்மைகளில் சதுரமான ஒரு சிறு ஒட்டுத்தாள் சேர்ந்தது. கறுத்துக் கிடக்கும் அதனைக் கட்டைவிரலால் தேய்த்தால், விரலின் சூட்டில் ஒரு முகச்சின்னம் தோன்றிப் பிறகு மெல்ல மறையும். போலிகளிலிருந்து வேறுபடுத்தவே அதனைச் சேர்த்தனர். நம் ஊர்க் குளிரில் விரலைச் சற்று நேரம் கூடுதலாக அழுத்தவேண்டும். ஆனால் சின்னம் தோன்றாவிடில் உடனே போலி என்று முடிவு செய்தல் ஆகாது; முதல் ஆண்டுப் பொம்மைகளில் அத்தாள் இல்லை; பழையவற்றில் அது செயலிழந்தும் இருக்கலாம்.

நான் இளைஞரின் காரில் அத்தாளைக் கண்டேன். 1980இல் பிறந்த பொம்மையின் மார்பிலே, 1985இல் வந்த தாள்! அடுத்து அதனைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். உலோக உறுப்பு மலைக்காற்றில் சில்லென்று இருக்கும். இதில் வெள்ளி பூசிய பாகமுங்கூடக் குளிரவில்லை, அனைத்தும் பிளாஸ்டிக். உலோகம் சேர்த்த போலிகளும் உண்டு. ஆதலின் இதுவும் தனியே சான்றாகாது. உருப்பெருக்கும் கண்ணாடியால் முதுகை நோக்கினேன். எண் தெளிவாக இருந்தது. நிறுவனத்தின் பெயர் எழுத்துகள் மட்டும் கரைந்த சவர்க்காரம்போல் மழுங்கியிருந்தன. வார்த்த பொருளின்மேல் மீண்டும் அச்செடுத்தால் நுண்ணிய எழுத்துகளே முதலில் மழுங்கும். மூன்று சான்றுகளும் ஒரே திசையைக் காட்டின. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அவர் நெடுநேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். இணையத்தில் விற்றவரின் தொலைபேசி பிறகு ஒருநாளும் ஒலிக்கவில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன்.

பாதுகாப்பைப் பற்றியும் சில சொல்லவேண்டும். ஏனெனில் அசலை வாங்கியவரும் நம் ஊரில் அதனை இழந்துவிடக்கூடும். தென்மேற்குப் பருவமழையில் இங்கே சுவரே வியர்க்கும். ஈரத்தினால் ஒட்டுத்தாளில் பூஞ்சணம் படரும். உருக்கு ஊசிகளும் திருகாணிகளும் துருப்பிடித்து மூட்டை இறுக்கும். அப்போது பலவந்தமாகத் திருப்பினால் மூட்டு முறியும். அசுத்தம் கலந்த பழைய துத்தநாக வார்ப்பு ஈரத்தில் வெடித்து உதிர்ந்துபோவதும் உண்டு. சரி, வெயிலில் காயவைக்கலாமென்றால், வெண்ணிறப் பிளாஸ்டிக் மஞ்சளித்துவிடும். பொன்மினுக்குக் கலந்த பிளாஸ்டிக்கோ, ஆண்டுகள் செல்லச் செல்லத் தானாகவே நொறுங்கும் இயல்புடையது. அத்தகைய பொம்மையை ஆசைக்கும் திருப்பிப் பார்க்கக்கூடாது.

இதற்கு எங்கள் வீட்டில் ஒரு வழி இருந்தது. 1986ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு, கொழும்பு புறக்கோட்டையில் கடைச் சிப்பந்தியாயிருந்த என் மாமா ஒரு மஞ்சள் காரைக் கொணர்ந்தார். 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் கொழும்பு நடைபாதைகளில் வெளிநாட்டு விளையாட்டுச் சாமான்கள் நிறைந்திருந்த காலம் அது. ஆற்றை மறித்து மின்சாரம் எடுக்கும் நோட்டன் பிரிட்ஜில், எங்கள் லயக் காம்பராவில் அன்று குப்பி விளக்கே எரிந்தது. வீட்டிலிருந்த பற்றரிகள் யாவும் வானொலிக்கே உரியவை. பொம்மைக்குக் கொடுப்பார் இல்லை. பற்றரியோ சாவியோ வேண்டாது, விரல்களாலேயே உயிர்பெறும் பொம்மை எனக்கு எத்தகைய செல்வமாயிருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். இரவானதும் அம்மா அதனை வாங்கி, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பெட்டியில் வைத்து மூடிவிடுவார். தேயிலைக்கு ஈரம் ஆகாது என்பதை அறிந்தவர், காருக்கும் ஆகாது என்று கருதினார் போலும். இன்று நான் காற்றுப்புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலம் இட்டு வைக்கின்றேன். முறை அதுவேதான்.

இளைஞர் புறப்படுமுன் அந்த மஞ்சள் காரை எடுத்துக் காட்டினேன். அதன் அடிப்பாகத்தில், நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் இருக்கவேண்டிய இடத்தில், சுரண்டி வழவழப்பாக்கிய ஒரு சிறு நீள்சதுரம் உள்ளது. அதுவும் போலிதான், அக்காலத்துப் போலி. அவர் அதனை வாங்கி, கால்களை இழுத்து, கதவுகளைக் கைகளாக விரித்து, தலையை வெளியே எடுத்தார். இடது தோளின் பிணைச்சல் சற்றுத் தளர்ந்திருந்தது. மற்ற மூட்டுகள் யாவும் ‘டக், டக்’ என்று தத்தம் இடத்தில் வந்து அமர்ந்தன.